பார்த்தால்தான் சிரிக்க முடியும்

ஒரு நாடகத்தை நிறுத்துவதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுவதுண்டு. பார்ப்பவர் தொகை குறைந்துவிட்டது என்பார்கள். செலவு மிகுந்துவிட்டது என்பார்கள். நடிகருக்கும் முதலாளிக்கும் மனத்தாங்கல் என்பார்கள். 1982-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நகைச்சுவை கலந்த துப்பறியும் தொடர் ஒன்று நிறுத்தப்பட்டபோது சொல்லப்பட்ட காரணம் மிகவும் விசித்திரமானது. அதை ஒளிபரப்பிய ஏ.பி.சி. நிறுவனத்தின் பொழுதுபோக்குப் பிரிவுத் தலைவராக இருந்த டோனி தோமோபௌலஸ் என்பவர், இந்தத் தொடரை இரசிக்க வேண்டுமானால் நேயர் அதைப் பார்த்தாக வேண்டியிருக்கிறது, அதுதான் குறை என்னும் பொருள்படப் பேசினார். தொலைக்காட்சி நாடகத்தைப் பார்க்க வேண்டியிருப்பது ஒரு குற்றமா? நூலைப் படிக்க வேண்டியிருக்கிறது, சோற்றை மெல்ல வேண்டியிருக்கிறது என்று குறை சொல்வது போன்றதன்றோ இது! பலரும் அவருடைய சொல்லை எள்ளி நகையாடினார்கள். இன்றும் நகையாடுகிறார்கள்.

மாணவர்களே, நான் அச்சொல்லைச் சற்று நிதானமாக எடுத்து ஆராய விரும்புகிறேன். அந்த அதிகாரி தம்மை அறியாமலே ஓர் உண்மையைச் சொல்லிவிட்டார் என்பது என் கருத்து. பல வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி எரிந்துகொண்டிருக்கும். அதன் முன்னே ஒருவர் காய் நறுக்கிக்கொண்டிருப்பார். ஒருவர் கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். குழந்தை ஒன்று குறுக்கே ஓடும். பெட்டியிலிருந்து வரும் ஓசை காதில் விழுந்துகொண்டே இருக்கும். கண்ணோ இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கம் போய்வரும். அதைத்தான் நாம் ‘பார்த்தேன்’ என்று சொல்லிக்கொள்கிறோம். இத்தகைய பார்வைக்கு ஏற்றவாறு அமைக்கப்பட்டிருந்த ஒரு நாடக வகையை எடுத்துக்கொண்டு, அதே வகையில், கண்ணை எடுத்தால் ஒன்றுமே விளங்காத நாடகம் ஒன்றை மூவர் செய்தார்கள். அதன் பெயர் ‘போலீஸ் ஸ்குவாட்!’ அஃது ஆறே பகுதிகளில் முடிந்துபோயிற்று.

அந்த ஆறு பகுதிகளில் அப்படி என்னதான் இருந்தது என்பதை அறிய, அமெரிக்கத் துப்பறியும் நாடகம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். வானொலியில் பேசும் எனக்கு இதைச் சொல்வதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஏனெனில் அது வானொலியிலிருந்து வந்தது. ஜாக் வெப் என்பவர் 1949-இல் ‘டிராக்னெட்’ என்னும் போலீஸ் நாடகத்தை வானொலியில் தொடங்கினார். துப்பறிவாளரே தம் வாயால் நாள், வேளை, வானிலை, சென்ற இடம், சந்தித்த ஆள் ஆகிய எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு போவார். கேட்பவருக்குக் கண் இல்லை அல்லவா? ஆகவே சொற்களே கண்ணாக அமைந்தன. 1951-இல் அந்நாடகம் தொலைக்காட்சிக்குச் சென்றது. படம் வந்து சேர்ந்த பின்னும் அந்தக் குரல் போகவில்லை. ‘கதவைத் திறந்தேன்’ என்று குரல் சொல்லும். படத்தில் அவர் கதவைத் திறப்பார். காது கேட்டதைக் கண் உறுதி செய்தது, அவ்வளவுதான். 1957 முதல் 1960 வரை லீ மார்வின் நடித்த ‘எம் ஸ்குவாட்’ என்னும் தொடரும் இந்த வழியில் வந்ததே. சமையலறையில் நின்றபடியே கொலையாளி யார் என்று தெரிந்துகொள்ளலாம்.

பின்னர் 1960-களிலும் 1970-களிலும் குவின் மார்ட்டின் என்னும் தயாரிப்பாளர் இவ்வகைக்கு ஒரு நிலையான சடங்கையே ஏற்படுத்திவிட்டார். தொடக்கத்தில் கம்பீரமான குரல் ஒன்று தொடரின் பெயரைச் சொல்லும். நடிகர் பெயர்களைச் சொல்லும். அன்றைய சிறப்பு விருந்து நடிகரை அறிவிக்கும். அன்றைய கதையின் தலைப்பைப் படிக்கும். ஒவ்வோர் அங்கம் தொடங்கும்போதும் ‘அங்கம் இரண்டு’, ‘அங்கம் மூன்று’ என்று திரையில் எழுத்து வரும். முடிவில் குற்றவாளி பிடிபட்ட பின், துப்பறிவாளரும் அவர் நண்பரும் ஏதோ ஒரு சிறு வேடிக்கை பேசிச் சிரிப்பார்கள். படம் அப்படியே உறைந்து நிற்க, அதன்மேல் பெயர்கள் ஓடும். கோயில் பூசை முறை தெரிந்தவர் மணியோசையைக் கேட்டே இப்போது எது நடக்கிறது என்று சொல்லிவிடுவதைப் போல, இந்த முறை தெரிந்தவருக்குத் திரையை நோக்க வேண்டிய தேவையே இல்லை.

இந்தச் சடங்கை அசைவுக்கு அசைவு அறிந்து வைத்திருந்தவர்கள் ஜிம் ஆபிரகாம்ஸ், டேவிட் சக்கர், ஜெர்ரி சக்கர் என்னும் மூவர். மூவரும் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரத்தார், பின்னிருவர் உடன்பிறந்தார். 1971-இல் மாடிசன் நகரில் ஒரு சிறு நகைச்சுவை அரங்கைத் தொடங்கி, பிறகு திரைப்படத்துக்கு வந்தவர்கள். 1980-இல் அவர்கள் எடுத்த ‘ஏர்பிளேன்!’ என்னும் படம் ஏறத்தாழ 35 இலட்சம் டாலர் செலவில் உருவாகி, அமெரிக்க நாட்டுக் கொட்டகைகளில் மட்டும் 8 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 1957-இல் வெளிவந்த ‘ஸீரோ அவர்!’ என்னும் மெய்யான ஆபத்துக் கதையை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களைக்கூடப் பெரிதும் மாற்றாமல், அதைச் சிரிப்புக் கதையாக ஆக்கியிருந்தார்கள். அதில் மருத்துவர் வேடத்தில் நடித்தவர் கனடாவில் பிறந்த லெஸ்லி நீல்சன்.

நீல்சன் அதுவரையில் சிரிப்பு நடிகர் அல்லர். 1956-இல் வந்த ‘ஃபர்பிட்டன் பிளானட்’ என்னும் விண்வெளிப் படத்தில் தலைவர்; 1972-இல் வந்த ‘தி பொசைடன் அட்வெஞ்சர்’ என்னும் கப்பற் படத்தில் மாலுமித் தலைவர். நிமிர்ந்த உடல், நரைத்த தலை, ஐயத்துக்கு இடமில்லாத குரல். அந்த மூவருக்கும் வேண்டியிருந்தது அதுவே. கோமாளி ஒருவன் கோமாளித்தனம் செய்தால் அது வழக்கமான காரியம். ஊரே மதிக்கும் ஒரு பெரியவர், தாம் செய்வது கோமாளித்தனம் என்னும் நினைவே இல்லாமல், முழுப் பொறுப்புடன் அதைச் செய்தால்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைப்பு நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்கிறார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்குவன. டிரெபின் என்னும் பாத்திரத்தில் இருப்பது பேதைமை. அவரைச் சுற்றி நாடகம் முழுவதிலும் இருப்பது எள்ளல். அவர் பேதைமையை உணராதவரையில்தான் எள்ளல் செல்லும். நடிகர் ஒரு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டால் இரண்டும் கெட்டுப்போகும். நீல்சன் கண்ணைச் சிமிட்டவே இல்லை.

1982 மார்ச் 4-ஆம் நாள், வியாழக்கிழமை இரவு, முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. தொடக்கமே ஒரு புதிர். ‘போலீஸ் ஸ்குவாட்!’ என்று அறிவித்த குரல், இது வண்ணத்தில் காட்டப்படுகிறது என்று பெருமையுடன் சேர்த்துச் சொன்னது. 1960-களில், கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறிய காலத்தில், அப்படி அறிவிப்பது வழக்கம். 1982-இல் அதைச் சொல்வது, இக்காலத்துப் பேருந்தில் ‘இது மாடு பூட்டாமலே ஓடும்’ என்று எழுதி வைப்பதற்கு ஒப்பானது. அறிவித்த குரலும் வேறு யாருடையதும் அன்று. குவின் மார்ட்டின் தொடர்களில் மெய்யாகவே அறிவிப்புச் செய்துவந்த ஹாங்க் சிம்ஸின் குரல்தான். அடுத்து நடிகர் பட்டியலில், ஆபிரகாம் லிங்கனாக ரெக்ஸ் ஹாமில்டன் என்று ஒரு பெயர் வரும். லிங்கன் 1865-இல் நாடக அரங்கில் சுடப்பட்டு இறந்ததை நீங்கள் வரலாற்றில் படித்திருப்பீர்கள். இங்கே குண்டு வந்து அவர் தொப்பியைத் தட்டிவிடும். அவர் திரும்பித் துப்பாக்கியை எடுத்துச் சுடுவார்! அவ்வளவுதான். கதைக்குள் லிங்கனும் வரமாட்டார், ஹாமில்டனும் வரமாட்டார்.

பிறகு சிறப்பு விருந்து நடிகர். முதற்பகுதியில் வந்தவர் லோர்ன் கிரீன். ‘பொனான்சா’ என்னும் நெடுந்தொடரால் வீடுதோறும் அறியப்பட்ட பெரியவர். அவர் பெயர் அறிவிக்கப்படும். மார்பில் கத்தியுடன் ஓடும் வண்டியிலிருந்து கீழே எறியப்படுவார். அத்துடன் அவர் பங்கு முடிந்தது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு புகழ்பெற்ற நடிகர் இவ்வாறே அறிமுகமாகும் கணத்திலேயே கொல்லப்படுவார். பாடகர் ராபர்ட் கூலேயைத் துப்பாக்கி வரிசை ஒன்று சுட்டுத் தள்ளிற்று. வில்லியம் ஷாட்னர் துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தப்பிக் குனிந்து, நிம்மதியுடன் மதுவைப் பருக, அதில் நஞ்சு. ஜான் பெலுஷி என்னும் இளம் நகைச்சுவை நடிகரை வைத்தும் இப்படி ஒரு காட்சி எடுத்திருந்தார்கள். தொடர் தொடங்கிய மறுநாளே, மார்ச் 5-ஆம் நாள், 33 வயதில் அவர் மெய்யாகவே இறந்துபோனார். அந்தக் காட்சியை ஒளிபரப்பாமல் எடுத்துவிட்டார்கள்.

இப்பொழுது மிக முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விருந்து நடிகருக்குப் பின் கதையின் தலைப்பு வரும். திரையில் எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கும். குரல் அதைப் படிக்கும். ஆனால் குரல் படிப்பது வேறு ஒரு தலைப்பு! முதற்பகுதியில் எழுத்து ‘உடைந்த வாக்குறுதி’ என்கிறது. குரல் ‘கணிசமான பரிசு’ என்கிறது. இரண்டும் இவ்வகை நாடகத்துக்குப் பொருந்தும் தலைப்புகளே. கேட்டவருக்கு எந்த ஐயமும் எழாது. படித்தவருக்கும் எழாது. கேட்டுக்கொண்டே படித்தவர் ஒருவருக்குத்தான் ‘இதென்ன!’ என்று தோன்றும். சிரிப்பு காதிலும் இல்லை, கண்ணிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு ஒரு விதி சொல்லித் தருவார்கள்: வாய் சொல்வதும் கரும்பலகை காட்டுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதை நெடுங்காலம் கடைப்பிடித்தால் ஒரு விளைவு உண்டு. மாணவன் இரண்டில் ஒன்றைக் கைவிட்டுவிடுவான். ஒன்பதாம் வகுப்பில் வரலாறு நடத்திய காலத்தில் ஒரு நாள் வேண்டுமென்றே, பலகையில் பிளாசிப் போர் 1757 என்று எழுதிவிட்டு, வாயால் 1764 என்று சொன்னேன். 1764 பக்சார் போர் நடந்த ஆண்டு. வகுப்பு அமைதியாக எழுதிக்கொண்டிருந்தது. மூவர் கை தூக்கினார்கள். நான்காவதாக ஒரு பெண் கை தூக்கவில்லை. குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தால், இரண்டு ஆண்டுகளையும் எழுதி, நடுவில் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தாள். அந்தக் கேள்விக்குறியை இன்றுவரை நான் மறக்கவில்லை. சிம்ஸின் குரலைக் குறுந்தகட்டில் முதன்முறை கேட்டபோது அவள் நினைவுதான் வந்தது.

தலைப்புக்குப் பின் கதை தொடங்குகிறது. கதைகள் எளியவை: கடன் சங்கத்தில் ஒரு கொலை, குத்துச்சண்டையில் ஒரு சூது. டிரெபின் தம் துப்பறியும் பணியை விளக்கிச் சொல்லிக்கொண்டே போவார். குரலை மட்டும் கேட்டால் அசல் ‘எம் ஸ்குவாட்’தான். படத்தில் அவர் வண்டியை நிறுத்தும்போது குப்பைத் தொட்டிகள் உருளும். அலுவலகத்திலிருந்து அவர் கதவு வழியாக வெளியேறுவார். அவருடன் பேசிக்கொண்டே வரும் தலைவர் எட், அரங்கச் சுவர் முடியும் இடத்தைச் சுற்றிக்கொண்டு வருவார். இருவர் முகத்திலும் எந்த மாற்றமும் இராது. மின்தூக்கியில் இருவரும் வழக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இடையில் கதவு திறந்தால் அந்தத் தளத்தில் நீச்சல் குளம். ‘ஆல்’ என்று ஒரு காவலர் உண்டு, மிகவும் நெட்டையானவர், ஆகவே அவர் கழுத்துக்கு மேல் படச் சட்டத்துக்குள் ஒருபோதும் வந்ததில்லை. அவர் முகத்தை ஆறு பகுதிகளிலும் யாரும் பார்க்க முடியாது. இவற்றில் ஒன்றையாவது யாரும் சுட்டிக் காட்டுவதில்லை. கேமராகூட நெருங்கிச் சென்று காட்டாது. மூலையில் நடக்கும், நடந்து முடிந்துவிடும்.

செருப்புக்கு மெருகு போடும் ஜானி என்பவன் மற்றொரு பாத்திரம். துப்பறியும் நாடகங்களில் தெருவோரத்திலிருந்து இரகசியச் செய்தி தரும் ஆள் ஒருவன் எப்போதும் உண்டு. டிரெபின் வந்து விசாரிப்பார். ஜானி, தனக்கு ஒன்றும் தெரியாது என்பான். ஒரு நோட்டைக் கையில் வைத்தவுடன் வழக்கின் முழு விவரத்தையும் ஒப்பிப்பான். இதுவரை வழக்கமானதே. அவர் எழுந்து போனவுடன் அந்த நாற்காலியில் ஓர் அறுவை மருத்துவர் வந்து அமர்ந்து, இதய அறுவையைப் பற்றி ஜானியிடம் ஆலோசனை கேட்பார், அதற்கும் நோட்டு, அதற்கும் விடை. இன்னொரு நாள் ஒரு பாதிரியார் வந்து, மறுமை உண்டா என்று கேட்பார். செருப்புத் துடைப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்னும் பழைய நாடக வழக்கை, அதன் தருக்கம் இட்டுச் செல்லும் இடம்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். காவல் துறையின் ஆய்வுக்கூடத்தில் டெட் ஓல்சன் என்னும் அறிவியலார், டிரெபின் நுழையும்போதெல்லாம் ஏதேனும் ஒரு குழந்தைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். அந்தப் பாடங்களைக் கேட்டால் எந்தத் தலைமையாசிரியரும் பெற்றோருக்குப் பதில் சொல்ல முடியாது.

சொல் விளையாட்டும் ஏராளம். அவற்றுட் சிலவற்றை நம் மொழியில் சொல்ல இயலாது, சிலவற்றைச் சொல்லலாம். ஆங்கிலத்தில் ஒரு பொருளை நீட்டி, ‘வேண்டுமா’ என்று கேட்பதற்கும், ‘இது அதுதானா’ என்று கேட்பதற்கும் அந்தப் பொருளின் பெயர் ஒன்றே போதும். குரலை ஏற்றிச் சொன்னால் சரி. ஒருவர் சிகரெட்டை நீட்டி ‘சிகரெட்?’ என்பார். மற்றவர், ஆமாம், எனக்குத் தெரியும் என்று விடை சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார். நம் வீட்டிலும் ‘காப்பி?’ என்று கேட்டு வருபவரிடம் ‘ஆம், காப்பிதான்’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பு எங்கே பிறக்கிறது என்பது விளங்கும். முதற்பகுதியில் ஆட்களின் பெயர்களே வினைச்சொற்கள் போல ஒலிப்பதால், கொலை நடந்த விதத்தை விசாரிக்கும் உரையாடல் முழுவதும் சிடுக்கு ஏறிக்கொண்டே போகிறது. திரையில் ‘ஆக்ட் டூ’ என்று எழுத்து வரும்போது, அதை அடுத்து ‘புரூட்டே’ என்று ஒரு சொல் சேரும். சேக்சுபியரின் சீசர் இறக்கும்போது நண்பனை நோக்கிச் சொல்லும் சொற்களின் ஒலியை அறிந்த கல்லூரி மாணவர், இதில் இரண்டு நொடி நின்று, பின்பு சிரிப்பர். அதற்குள் நாடகம் நகர்ந்திருக்கும்.

இத்தனை நகைச்சுவை இருந்தும், சிரிப்பொலி ஒன்றுகூட நாடகத்துக்குள் கேட்காது. அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் 1950-களிலிருந்து பதிவு செய்த சிரிப்பைச் சேர்ப்பது வழக்கமாகிவிட்டது. சார்லஸ் டக்ளஸ் என்னும் ஒலிப் பொறியாளர் அதற்கென ஒரு கருவியையே அமைத்திருந்தார். விசையை அழுத்தினால் புன்சிரிப்பு, இன்னொன்றை அழுத்தினால் வெடிச்சிரிப்பு. இதை இழிவாகப் பேசுவது அறிவாளிகளிடையே வழக்கம். ஆனால் அது ஆற்றிய பணியை அறிந்துகொள்ள வேண்டும். வேறு வேலையில் இருப்பவரை அது தோளைத் தட்டி அழைத்தது. இப்போது ஏதோ வேடிக்கை நடந்தது, திரும்பிப் பார் என்றது. ‘போலீஸ் ஸ்குவாட்!’ யாரையும் தோளைத் தட்டவில்லை. அழைக்காத விருந்தில் யார் உட்காருவார்கள்?

நான்கு வாரம் ஒளிபரப்பான பின், மார்ச் முடிவுடன் நிறுத்திவிட்டார்கள். எஞ்சிய இரண்டு பகுதிகளை ஜூலையில் காட்டினார்கள். அக்காலத்தில் வீட்டில் ஒளிப்பதிவுக் கருவி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. ஆகவே ஒரு மூலையில் நடந்ததைத் தவறவிட்டவர்கள் திருப்பிப் பார்க்க வழியில்லை. பெட்டிகளின் திரையும் சிறிது. சிறு திரையின் பின்புறத்தில், ஒரு கணம் மட்டுமே தோன்றும் வேடிக்கையை, மறுமுறை பார்க்க இயலாத நேயருக்குக் காட்டினார்கள்! தோமோபௌலஸ் சொன்னது, நேயரைப் பற்றிய செய்தி என்ற அளவில் மிகச் சரி. அதை நாடகத்தின் குற்றமாக எழுதியதுதான் பிழை.

ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தொடரைப் போற்றுகிறவர்கள் பலர், இது பல்லாண்டு ஓடியிருக்க வேண்டியது என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அமெரிக்கத் தொடர் என்றால் ஆண்டுக்கு இருபதுக்கு மேற்பட்ட பகுதிகள் வேண்டும். ஜானியின் நாற்காலியில் முப்பதாவது ஆள் வந்து உட்காரும்போது நமக்கு என்ன தோன்றியிருக்கும்? எந்தச் சடங்கை எள்ளினார்களோ அதுபோன்ற புதிய சடங்காகவே இதுவும் ஆகியிருக்கும். ஆறாம் பகுதியிலேயே சில வேடிக்கைகள் முன்பு பார்த்த முகத்துடன் வருகின்றன. ஆறு என்பது குறைவு. நூறு என்பது நிச்சயமாக மிகை.

அந்த ஆண்டு எம்மி விருதுக்கு நீல்சனின் நடிப்பும், முதற்பகுதியின் எழுத்தும் பரிந்துரைக்கப்பட்டன. நின்றுபோன தொடருக்கு இது சிறு ஆறுதல். 1985-இல் அந்த ஆறு பகுதிகளும் ஒளிநாடாவாக வெளிவந்தபோது புதிய இரசிகர்கள் தோன்றினார்கள். ஒளிநாடாவை நிறுத்தலாம், பின்னோக்கி ஓட்டலாம், நண்பரைக் கூப்பிட்டுக் காட்டலாம். பிறகு 1988 டிசம்பரில், அதே மூவரும் டேவிட் சக்கரின் இயக்கத்தில், அதே டிரெபினை வைத்து, ‘தி நேக்கட் கன்’ என்னும் திரைப்படத்தை வெளியிட்டார்கள். ‘போலீஸ் ஸ்குவாட் கோப்புகளிலிருந்து’ என்பது அதன் துணைத் தலைப்பு. தொலைக்காட்சியில் எடுபடாத வேடிக்கைகள் பலவற்றை அப்படியே அதில் எடுத்து ஆண்டார்கள். அமெரிக்க நாட்டில் மட்டும் 7 கோடி டாலருக்கு மேல் வசூலாயிற்று. 1991-இலும் 1994-இலும் இரண்டு தொடர்ச்சிகள் வந்தன. நீல்சன் 2010-இல் மறைந்தார். 2025-இல் டிரெபினின் மகனாக லியாம் நீசன் நடித்து இன்னொரு படம் வந்தது.

ஆறு ஆண்டில் நாட்டு மக்களின் அறிவு வளர்ந்துவிட்டதா? இல்லை, இடம் மாறியது. கொட்டகையில் விளக்கை அணைக்கிறார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவர் காய் நறுக்க முடியாது. திரை சுவரளவு பெரியது; மூலையில் நடப்பதும் ஆளுயரத்தில் நடக்கிறது. பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தால், எதை விட்டோம் என்று நாமும் தேடுகிறோம். டக்ளஸின் கருவி செய்த வேலையை அங்கே உயிருள்ள மனிதர்கள் செய்கிறார்கள்.

இக்கால மாணவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 1982-இல் அமெரிக்க வீட்டில் நேயரின் கையில் இருந்தது கத்தியோ ஊசியோ செய்தித்தாளோ. இன்று உங்கள் கையில் இருப்பது இன்னொரு திரை. என் பேரன் கல்லூரியில் படிக்கிறான். சென்ற கோடை விடுமுறையில் அவனுடன் முதற்பகுதியைப் பார்த்தேன். கைப்பேசியைத் தடவியபடியே பார்த்தவன், ‘தாத்தா, இது சாதாரணப் போலீஸ் கதைதானே?’ என்று கேட்டான். நான் கோபிக்கவில்லை, அவன் கேட்டது வரைக்கும் அது சாதாரணப் போலீஸ் கதைதான்! கடைசிக் காட்சி வரும்போது கைப்பேசியில் மின்னூக்கம் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி நிமிர்ந்து பார்த்தான்.

அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றி நான் இன்னும் சொல்லவில்லை. குவின் மார்ட்டின் முறைப்படி படம் உறைந்து நிற்க வேண்டும் என்றேன் அல்லவா? திரைப்படத்தில் அதைச் செய்வது எளிது. ஒரே படச் சட்டத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டால் போதும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. நடிகர்கள் சிரித்த முகத்துடன் அசையாமல் நிற்க, கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. பெயர்கள் திரையில் வருகின்றன. ஒரு பகுதியில் தலைவர் எட் கோப்பையில் காப்பி ஊற்றும் நிலையில் நின்றுவிடுகிறார், காப்பி நிற்கவில்லை, கோப்பை நிரம்பி வழிகிறது. இன்னொன்றில் ஒரு மனிதக் குரங்கு அறையில் காகிதங்களை வாரி இறைக்கிறது, யாரும் இமைப்பதில்லை. மற்றொன்றில், பிடிபட்ட குற்றவாளி, தன்னைச் சுற்றி எல்லாரும் ஏன் சிலையாகிவிட்டார்கள் என்று புரியாமல் இங்கும் அங்கும் பார்க்கிறான். பிறகு மெதுவாக வெளியே போக வழி தேடத் தொடங்குகிறான்.